உன் பெயரில் நான் கொடுத்த சம்மதம்

பிஷ்கேக்
ஏப்ரல் 9, புதன்

சலிமா அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்காரர் வந்து என் மகளைத் தூக்கிக்கொண்டு போனார். இன்று நான்காம் நாள். நீங்கள் எட்டு முறை கூப்பிட்டீர்கள், நான் எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுவேன். அதனால்தான் காகிதத்தில் எழுதி, அத்-பாஷி வண்டி ஓட்டும் ஜோல்தோஷிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அவர் வந்தபோது அக்மரால் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தம்பி மாஸ்கோவுலேர்ந்து சொல்லிட்டான். கொழந்தை நம்ம வீட்டுல வளரட்டும். நீ பாட்டுக்கு வக்கீல் வீட்டுக்கு நடந்துக்கோ" என்றார். நான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டேன். இழுத்தால் அவளுக்கு வலிக்கும் என்று நானேதான் விட்டேன்.

அன்று சாயங்காலமே உங்கள் கொழுந்தன், என் புருஷன், மாஸ்கோவிலிருந்து பேசினார். "என்கூட மூணு மாசம்தான் வாழ்ந்தியா? மிச்சமெல்லாம் போன்லயா? நல்லா எண்ணி வச்சிருக்கே" என்றார்.

அக்கா, அது என் வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை. போன மாதம் நூரூஸ் பண்டிகைக்கு வந்தபோது உங்கள் சமையலறையில், கதவைச் சாத்திவிட்டு, உங்களிடம் மட்டும் சொன்னது. விவாகரத்துக்காக வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டேன் என்பதையும் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். அந்த அறையில் இருந்தது நாம் இருவர்தான்.

ஏன் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. என் மகளை அனுப்பி வையுங்கள்.

ஜிபார்

*

அத்-பாஷி
ஏப்ரல் 11

ஜிபார்,

முதலில் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறாள். போர்சோக் மாவுத்துண்டு பொரித்துக் கொடுத்தால் நடுவில் இருக்கும் காற்றைத்தான் தேடுகிறாள். இருமல் இல்லை. தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். வந்தது யார் என்று பார்த்ததும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அழுவதில்லை. அழுதால்கூட எனக்குத் தேவலை.

நான் சொல்லவில்லை. இதை எத்தனை தடவை எழுதினால் நீ நம்புவாய் என்று தெரியவில்லை. அதனால் ஒரே தடவை எழுதுகிறேன்.

இப்போது நான் கேட்கிறேன். அதே சமையலறையில், அதே தேநீருக்கு முன்னால், நானும் ஒன்று சொன்னேன். "எனக்குப் போக ஒரு எடம் இருந்திருந்தா இருவது வருஷத்துக்கு முன்னாடியே போயிருப்பேன்." நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், நினைவிருக்கிறதா? நீ ஊருக்குத் திரும்பி நான்கு நாள் ஆகவில்லை. வீட்டுக்காரர் தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "போக எடமிருந்தா போயிருப்பியாமே. நான் என்ன உன்னைக் கட்டியா போட்டிருக்கேன்?"

யார் சொன்னது என்று கேட்டேன். "தம்பி சொன்னான். அவனுக்கு அவன் பொண்டாட்டி சொன்னாளாம்" என்றார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவது பண்டபாத்திரத்தோடு பேசுவதுபோலத்தான். இரண்டு வாரமாக நான் உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது. வெட்கமாக இருந்ததால் எழுதவில்லை. நீ முந்திக்கொண்டாய்.

பள்ளிக்கூடத்தில் நதிகளின் பாதையை வரைந்து காட்டுபவள் நான். ஒரு நீர் எங்கே பிறந்து எங்கே போகிறது என்று சொல்லத் தெரியும். இந்தப் பேச்சு எந்த வழியாக மாஸ்கோ போய்த் திரும்பி என் கிண்ணத்துக்கு வந்தது என்று மட்டும் தெரியவில்லை. நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்றால், யார்?

அக்மராலை அனுப்புவது என் கையில் இல்லை. வண்டிச் சாவியையும் அவளையும் அவர் ஒரே மாதிரி கண்காணிக்கிறார்.

சலிமா

*

பிஷ்கேக்
ஏப்ரல் 14

அக்கா,

தயவுசெய்து இனி போனில் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டாலும் வானிலை, ஆடு, மாவு, இதற்கு மேல் எதுவும் பேசாதீர்கள். எனக்கு எழுத வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

எங்கள் தையல் பட்டறையில் துணி வெட்டும் லீராவைத் தெரியுமல்லவா, பெரிய சிரிப்புக்காரி. சனிக்கிழமை என் போனை நகர்த்தி வைக்க எடுத்தாள். "என்னடி இது, சும்மா கெடக்கற போன் அடுப்பு மாதிரி சுடுது. உள்ள உக்காந்து யாரு சமைக்கறா?" என்றாள். மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும் என்றேன். அவள் தங்கை போன் பழுது பார்ப்பவள். சிரித்துக்கொண்டேதான் இரண்டு பேரும் போனோம்.

தங்கை போனுக்குள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். பல்சக்கரப் படம் போட்ட ஒரு செயலி. அதன் பெயர் 'கருவிச் சேவை'. பார்த்தால் போனோடு பிறந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். "இதை நீங்க போட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "இது சேவையெல்லாம் இல்ல. உங்க மைக்கு இது கையில. கேமரா இது கையில. நீங்க எங்க போறீங்க, யாருக்கு என்ன எழுதறீங்க, எல்லாத்தையும் வேற ஒருத்தருக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு."

உங்கள் சமையலறை மேசையில், தேநீருக்குப் பக்கத்தில், இந்தப் போன் கிடந்தது. மூன்றாவது ஆள் அதுதான்.

இரண்டரை வருடம், அக்கா. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்தது. நான் குளிக்கும்போது ஜன்னல் விளிம்பில் பாட்டுப் போட்டு வைப்பேன். வீட்டுக்கு வந்ததும் எல்லா ஜன்னலையும் மூடினேன். மூடிய பிறகுதான் புரிந்தது, பார்த்தது ஜன்னல் வழியாக இல்லையே. போனை மாவு டப்பாவுக்குள் போட்டேன். பிறகு அவருக்குச் சந்தேகம் வருமே என்று எடுத்து மேசையில் வைத்தேன். இப்போது அது என்னைப் பார்த்தபடி கிடக்கிறது. பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்குமோ என்று பயமாக இருக்கிறது.

உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கப் போகிற நேரத்தில்தான் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். செயலி ஏறிய தேதி அதிலேயே இருக்கிறது. 2022 நவம்பர் 26.

நாற்பதாம் நாள் குழந்தைக்கு நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றினோமே, அது நவம்பர் 27. குழந்தையை முதல் தடவை பார்க்க வந்தீர்கள், குழந்தை முகம் பார்த்த பரிசு, கோரும்துக் என்று இந்தப் போனை என் மடியில் வைத்தீர்கள். கோரும்துக்கை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, அடுத்தவர் கையில் கொடுத்து ஆராயக்கூடாது என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால்தான் இத்தனை நாள் யாரிடமும் காட்டவில்லை.

26ஆம் தேதி அது என் கையில் இல்லை. யார் கையில் இருந்தது?

ஜிபார்

*

அத்-பாஷி
ஏப்ரல் 16

ஜிபார்,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்தேன். அடுத்த வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

என் கையில்தான் இருந்தது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எதையும் அழகுபடுத்தவில்லை. உனக்குக் குழந்தை பிறந்ததும் மாஸ்கோவிலிருந்து தலாய் என்னைக் கூப்பிட்டான். "அண்ணி, ஜிபாருக்கு நல்ல போன் ஒண்ணு வாங்கணும். நான் குடுத்தா ஏன் வெட்டிச் செலவுன்னு திட்டுவா. நீங்க கோரும்துக்கா குடுத்துடுங்க. எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, அவனே எல்லாம் தயார் பண்ணிக் குடுப்பான்." எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு கொழுந்தன் என்று பேருந்தில் பக்கத்தில் இருந்தவளிடம்கூடச் சொன்னேன்.

26ஆம் தேதி பிஷ்கேக்கில் இறங்கி நேராகச் சந்தைக்குப் போனேன். கடைக்காரன் பெட்டியைப் பிரித்தான். நம் ஊரில் யார்தான் போனைத் தானே திறக்கிறோம்? கணக்குப் பெயர், கடவுச்சொல் எல்லாம் கடைக்காரன்தானே போட்டுத் தருகிறான், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உறைக்குள் செருகிவிடுகிறான். இவனும் அப்படித்தான் செய்தான். நடுவில் தலாயோடு போனில் பேசிக்கொண்டே ஏதோ ஏற்றினான். பிறகு போனை என் பக்கம் நீட்டினான். ஆங்கிலத்தில் ஏதோ ஓடியது. கீழே ஒரு பச்சைப் பொத்தான்.

"இது என்ன தம்பி?" என்றேன்.

"தொலைஞ்சா கண்டுபிடிக்கறதுக்கு, டீச்சரம்மா. போன் உங்க பேர்லதானே குடுக்கறீங்க, நீங்களே அழுத்திடுங்க."

அழுத்தினேன். இன்னொன்று வந்தது, அழுத்தினேன். ஆறோ ஏழோ வந்தது. கடைசியில் எனக்கே சலித்துப்போய், "இத்தனை தடவையா?" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான்.

பரீட்சையில் கேள்வியைப் படிக்காமல் விடை எழுதும் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைப்பவள் நான்.

நேற்று முழுவதும் யோசித்தேன். கடைசியில்தான் ஒன்று உறைத்தது. அவன் தன் பெயரில் போன் கொடுத்திருந்தால் நீ என்றாவது யாரிடமாவது காட்டியிருப்பாய். கோரும்துக் என்றால் காட்டமாட்டாய். உன்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது அவனுக்கு. என்னையும்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி அடித்துவிட்டேன். அந்தச் சொல் போதாது.

சலிமா

*

பிஷ்கேக்
ஏப்ரல் 18

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். ஏன் ஒட்டினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆறோ ஏழோ என்கிறீர்கள். ஒவ்வொன்றும் என் வாழ்க்கையில் ஒரு கதவு. ஒன்று என் பேச்சு, ஒன்று என் முகம், ஒன்று என் நடை. சிரித்துக்கொண்டே திறந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் புரிவதால் என் கோபம் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வக்கீலம்மாவிடம் போனேன். போனைப் பட்டறையில் லீராவின் மேசையில் விட்டுவிட்டு, தையல் எந்திரச் சத்தத்தை அவர் கேட்கட்டும் என்று, பின்வாசல் வழியாகப் போனேன். பயங்கரமாக இருந்தது. ஏதோ திருடப் போகிறவளைப்போல.

உங்கள் கொழுந்தன் முந்திக்கொண்டார். என்னிடம் குழந்தை இருக்கக்கூடாது என்று மனுக் கொடுக்க ஆள் பார்த்திருக்கிறார். அதில் நான் பேசியதெல்லாம் இருக்கப் போகிறதாம். போன குளிர்காலத்தில் அக்மராலுக்குக் காய்ச்சல் வந்தபோது, "சில நேரம் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிடலாம்போல இருக்கு" என்று லீராவிடம் அழுதேன். லீராதான் பதிவு செய்து அனுப்பினாள் என்று பொய் சொல்லி, அதையும் எனக்கே போனில் போட்டுக் காட்டினார். என் குரல்தான், அக்கா. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்வரை. எந்தத் தாய்தான் அப்படிச் சொல்லவில்லை?

வக்கீலம்மா சொன்னார்: "செயலியை அழிக்காதே. அதுதான் நமக்குத் தடயம். ஆனா அவன், 'அவளே போட்டுக்கிட்டா, அவ சம்மதத்தோடதான்'னு சொல்லுவான். போன்ல சம்மதம்னு பதிவாகியிருக்கு பாரு. அழுத்தினது நீ இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். கண்ணால பார்த்த ஆள்."

ஒட்டியது அதனால்தான். ஆனால் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை, உங்கள் பெயரையும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லச் சொல்லி எழுதவில்லை.

அதெல்லாம் பிறகு. முதலில் என் மகள். மனு ஏறும்போது அவள் உங்கள் வீட்டில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும் என்றுவிடுவார்களாம். எனக்கு வேறு யாருமில்லை.

ஜிபார்

*

அத்-பாஷி
ஏப்ரல் 21

ஜிபார்,

இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

நேற்று தலாய் போனில் வீட்டுக்காரரோடு பேசும்போது நான் பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "அவ வேலை, வீடு, ரெண்டைத் தவிர எங்கயும் போகல. ஒரு வாரமா அசையல" என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் பார்ப்பது உன்னை இல்லை, போனை. போன் எங்கே இருக்கிறதோ அங்கே நீ இருக்கிறாய் என்று நம்புகிறான்.

அப்படியானால் போன் அத்-பாஷிக்கு வரட்டும்.

சனிக்கிழமை காலை ஜோல்தோஷ் வண்டியில் ஏறு. முந்தின நாள் போனுக்கு முன்னால் லீராவிடம் சொல்: "தோத்துட்டேன்டி, அவங்க காலுல விழுந்தாவது கொழந்தைகூட இருக்கேன்." நன்றாகச் சொல். அவன் உடனே இவரிடம் சொல்வான். இவர் உன்னை எதிர்பார்த்து வீட்டிலேயே இருப்பார். நான் அக்மராலைத் தடுப்பூசிக்கு நாரின் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி வேறு வண்டியில் பாதி வழியில் இருக்கும் கொச்கோருக்கு வந்துவிடுகிறேன். உணவகத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்ப் பக்கம். நீ குழந்தையை வாங்கிக்கொண்டு பிஷ்கேக் வண்டியில் திரும்பு. போனை நான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

அங்கே ஒரு வார்த்தை பேசக்கூடாது. போன் அணைந்துவிடவும் கூடாது, அணைந்தால் அவன் விழித்துக்கொள்வான்.

சாட்சி பற்றி நீ கேட்கவில்லை, கேட்காமலே எழுதிவிட்டாய். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது கொச்கோர்வரை வருவதுதான்.

சலிமா

*

பிஷ்கேக்
ஏப்ரல் 27

அக்கா,

குழாய்ப் பக்கம் நாம் பேசாமல் நின்றோமே, அந்த நேரத்தில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

உங்களைப் பார்த்ததும் அறைய வேண்டும் என்று இருந்தது. பிறகு நீங்கள் அக்மராலுக்குப் போட்டிருந்த சட்டையைப் பார்த்தேன். பொத்தான் எல்லாம் மாற்றித் தைத்திருந்தது, அவளே போட்டுக்கொள்ளும்படி பெரிய பொத்தான். அறைய முடியவில்லை.

அவள் என்னைக் கண்டதும் "அம்மா!" என்று கத்தினாளே, ஊரே திரும்பும்படி. போன் என் கோட்டுப் பைக்குள், கம்பளிச் சால்வை சுற்றி இருந்தது. ஒரு குழந்தை அம்மா என்று கூப்பிட்டதற்கு வாயைப் பொத்தினேன், அக்கா. என் மகள் வாயை நானே பொத்தினேன். வீடு வரும்வரை அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது லீராவின் வீட்டில் இருக்கிறோம். போன் இல்லாத மேசை எவ்வளவு பெரியதாக இருக்கிறது தெரியுமா? இன்று அக்மரால் சத்தமாகப் பாடினாள். யாருக்குக் கேட்கிறதோ என்று மூன்று தடவை திடுக்கிட்டேன்.

உங்களுக்கு என்ன ஆயிற்று? அவர் ஏதாவது செய்தாரா? ஒரு வரி எழுதுங்கள்.

ஜிபார்

*

அத்-பாஷி
ஏப்ரல் 30

ஜிபார்,

அடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் ஆடு அறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நீ வரப்போகிறாய் என்று. வீட்டுக்காரர் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க அவ?"

"வரல."

"தம்பி இப்பத்தானே சொன்னான், தெருமுனைக்கு வந்துட்டாள்னு! கொழந்தை எங்க?"

"அவ அம்மாகிட்ட."

உள்ளே போய்ப் பையைத் திறந்து, போனை மேசையில் வைத்தேன். "வந்திருக்கறது இதுதான். இதுக்குள்ளதான் உங்க தம்பி உக்காந்து நம்மளைக் கேட்டுக்கிட்டிருக்கான்."

"பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?"

போன் பக்கம் குனிந்தேன். "தலாய், அண்ணி பேசறேன். கேக்குதா? கேட்டா உங்க அண்ணன் போனுக்குக் கூப்பிடு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு முடிவதற்குள் அவருடைய போன் அடித்தது. ஜிபார், எனக்குத் தெரியும் அது அடிக்கும் என்று. அவர் அவசரத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்திவிட்டார்.

"அண்ணி, வெளையாடாதீங்க. அப்போ கொச்கோர்ல கத்தினது யாரோ கொழந்தை இல்ல, அக்மரால்தானே? எங்க கூட்டிட்டுப் போறா அவ?"

இவருக்குச் சட்டென்று புரியவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். "கொச்கோர்ல கத்தினது உனக்கு எப்படிடா கேட்டுச்சு?" போனை முகத்தருகே கொண்டுபோனார். "அப்போ அன்னிக்கு... இவ சமையல்கட்டுல பேசினதை ஜிபார் உன்கிட்ட சொன்னாள்னியே. அவ சொல்லலியா? என் வீட்டையாடா ஒட்டுக்கேட்டே?"

உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இரண்டரை வருடம் உன்னைக் கேட்டதற்கு அவருக்குக் கோபம் வரவில்லை. தன் வீடு என்றதும் வந்தது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தலாய் கத்தினான். "என் பொண்டாட்டி, என் பொண்ணு, நான் கேக்கறேன். என்ன தப்பு? அதுவும் நானா வச்சேன்? உன் பொண்டாட்டிதான் அழுத்தினா. அவளையே கேளு!"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இத்தனை நாள் பயந்தது இந்தப் பார்வைக்குத்தான். வந்தேவிட்டது. வந்த பிறகு அவ்வளவு பெரியதாக இல்லை.

"ஆமா. நான்தான் அழுத்தினேன்" என்றேன். "என்ன ஏதுன்னு நீயும் சொல்லல, கடைக்காரனும் சொல்லல. யாரோட போனோ அவகிட்ட யாரும் கேக்கவே இல்ல. இதை நீதிபதிகிட்டயும் இப்படியே சொல்றேன். இதையும் பதிவு பண்ணிக்கோ."

அவன் இணைப்பைத் துண்டித்தான். இவர் வெளியே போய் வெகுநேரம் ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றார். மறுநாள் காலையில்தான் பேசினார். "தம்பிக்கு எதிரா கோர்ட்டு ஏறினா, அப்புறம் எந்த மொகத்தோட இந்த வீட்டுக்கு வருவே?" நான் மாவு பிசையப் போனேன்.

வக்கீலம்மாவிடம் என் முழுப்பெயரைக் கொடு. தேதி, கடை இருந்த வரிசை, கடைக்காரனின் முகம், எத்தனை தடவை அழுத்தினேன், எல்லாவற்றையும் சொல்கிறேன். போனை அணைத்துவிட்டேன், எதையும் அழிக்கவில்லை. ஜோல்தோஷிடம் கொடுத்தனுப்ப மாட்டேன், நானே கொண்டுவருகிறேன். மே விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காலை வண்டி.

திரும்பி வரும் வண்டிக்கு இடம் சொல்லி வைக்கவில்லை.

சலிமா